ஒல்லாந்துக் கிழவியின் ஏழாம் அத்தியாயம்

தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவனுக்குத் தந்தி அடிக்கத் தெரிந்திருக்கும் என்று ஒருவர் நினைத்தால் அது அவருடைய அறியாமை. ஒரு குடும்பமே சேர்ந்து நினைத்தால் அது என் தலைவிதி. நான் முத்திரை விற்றவன். பதிவுத் தபாலுக்குப் பற்றுச்சீட்டு எழுதியவன். தந்தி இயந்திரம் பக்கத்து அறையில் இருந்தது. அதன் மேல் சில நாட்களில் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்திருக்கிறேன். அதற்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான்.

இதை ஒல்லாந்தில் இருக்கும் மருமகனுக்கு, அதாவது என் அக்காவின் மகனுக்கு, எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவன் கேட்பதாக இல்லை.

"இல்லை மாமா, நீங்கள்தான் உதுக்குப் பொருத்தமான ஆள். உங்களுக்குத் தந்தியும் தெரியும், இங்கிலீசும் தெரியும். அம்மாவும் ஒரே பிடியிலை நிக்கிறா, தம்பிதான் செய்யவேணுமெண்டு."

அவன் செய்யச் சொன்னது ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்கும் வேலை. அக்கா அந்த நாட்டிலே ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். அவள் துப்புரவாக்கிய அறைகளில் ஒன்றில் ஒரு கிழவி இருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மன்காரர் ஒல்லாந்தைப் பிடித்து வைத்திருந்தபோது, அந்தக் கிழவி இருபத்து மூன்று வயதுக் குமர்ப்பிள்ளை. கடலுக்கு அப்பால் இருந்த தன் மேலிடத்துக்கு, பெட்டிக்குள் ஒளித்த வயர்லெஸ் கருவியால் களவாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒற்றர். பிடிபட்டு, அடிபட்டு, எப்படியோ உயிர் தப்பியவர். அவர் சொல்லி வைத்த நினைவுகளைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகமாக அடித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அதைத் தமிழில் கொண்டுவந்து அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் வெளியிடுவது என்று தீர்மானமாகிவிட்டது. தீர்மானித்தவர்கள் எல்லாரும் அங்கே. எழுதுகிறவன் மட்டும் இங்கே, இணுவிலில், மின்விசிறிக்குக் கீழே.

ஒல்லாந்தர் எங்களை ஆண்ட காலத்தில் எங்கள் வாய்க்குள் போட்டுவிட்டுப் போன சொற்கள் கந்தோர், லாச்சி, நொத்தாரிசு, கக்கூசு. இத்தனை நூற்றாண்டு கழித்து அவர்களுடைய கிழவி ஒருவரையும் என் தலையில் கட்டினார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

முதல் மூன்று அத்தியாயமும் என்னைக் கொன்றன. கிழவி பரணில் இருந்து செய்தி அனுப்புகிறார். கீழே கோழிகள். இருபது நிமிடத்துக்கு மேல் அனுப்பினால், சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்கும் வாகனம் தெருவுக்குள் வந்துவிடும். அந்த வீட்டுக்காரி தோட்டம் செய்யும் கமக்காரப் பெண். பரணில் கட்டியிருந்த ஏரியல் கம்பியில் ஈரக் காலுறைகளைக் காயப்போட்டு விடுகிறாள். இதைக் கிழவி, பல்லுப் பிடுங்கியதைச் சொல்வதுபோல, இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் இரண்டு வரியில் எழுதி அனுப்பினேன். சங்கச் செயலாளரிடமிருந்து குரல்பதிவு வந்தது. "ஐயா, இன்னும் கொஞ்சம் உணர்ச்சியா எழுதலாமே?" ஈரக் காலுறையில் என்ன உணர்ச்சியைப் பிழிவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் வீட்டுப் பிரச்சினை.

கொக்குவிலில் இருப்பது அக்காவின் சீதன வீடு. எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கட்டின பெண்ணின் வீட்டில் போய் இருக்கவேண்டும். ஆகவே நான் இணுவிலில் மனைவியின் வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொக்குவிலுக்குப் போய், சன்னல்களைத் திறந்து, முற்றம் கூட்டி, கிணற்று மோட்டரை ஓடவிட்டு, ரயில் போகும்போது கொட்டிய சுவர்க்காரையை அள்ளிவிட்டு வருவேன். "பென்சன் எடுத்த கையோடை வந்திடுவன், என்ரை வீட்டிலைதான் என்ரை கண் மூடவேணும்" என்று அக்கா சொன்னதை நம்பித்தான் இவ்வளவும். பென்சன் வந்தது. அத்தான் போய்ச் சேர்ந்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அக்கா வரவில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு, புத்தகம் என் தலையில் விழுவதற்கும் முன்னால், மருமகன் ஒரு புதுக்கதை தொடங்கினான். வீட்டை விற்கவேண்டுமாம். அம்மாவால் இனிப் பயணம் செய்ய ஏலாதாம். பூட்டிக் கிடக்கிற வீட்டால் யாருக்கு என்ன பிரயோசனமாம். கேட்டு ஓர் ஆளும் வந்தாயிற்று. அக்காவுக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம் என் பேரில் இருப்பதால் நான் வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய் ஒப்பமிட்டால் அலுவல் முடிந்தது. அவன் கெட்டவன் இல்லை. தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறவன். கண்ணுக்குள் வைத்தால் இமையை மூடிவிடுவான், அதுதான் அவனிடமுள்ள கரைச்சல்.

அக்காவின் அழைப்பு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும். அங்கே அவர்கள் காலைக் கோப்பி குடிக்கும் நேரம், இங்கே நான் சோற்றில் கை வைக்கும் நேரம். இதையும் பல தரம் சொல்லியாயிற்று. விற்கும் கதை தொடங்கிய நாளிலிருந்து கைபேசியை மருமகன்தான் பிடித்துக்கொண்டிருப்பான். அக்காவுக்குக் கை நடுங்குமாம். திரையில் எனக்குத் தெரிவது அக்காவின் பாதி முகமும் மருமகனின் பெருவிரலும்தான்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. சுகம் விசாரிப்பாள், மழை விசாரிப்பாள், கடைசியில், "கிணத்தடி முருங்கை காய்க்குதோ?" என்று கேட்பாள். கொக்குவில் வீட்டுக் கிணற்றடி முருங்கை ஒரு புயலில் சாய்ந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. சாய்ந்த அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த ஞாயிறும் கேட்டாள்.

"அக்கா, மரம் விழுந்திட்டுது."

"ஓமோ. சரி, சரி."

அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். பத்து வருடம் கேட்டாள். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். "இல்லாத மரத்துக்கு நான் எவ்வளவு காலம் பதில் சொல்லுறது? உங்களுக்கென்ன விசரே?" என்றுகூட ஒருநாள் கத்திவிட்டேன். அடுத்த ஞாயிறு, எதுவுமே நடவாததுபோல, முருங்கை.

வீட்டை விற்கும் கதை வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. மனைவிதான் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, மச்சாள் இப்ப முருங்கையைக் கேக்கிறேல்லை."

"இப்பதான் அவவுக்குப் புத்தி வந்திருக்கு. நீ கிளறாதை," என்றேன்.

அத்தோடு விட்டேனா? இல்லை. அடுத்த அழைப்பில், மருமகனின் பெருவிரலுக்கு முன்னாலேயே, பகிடியாகக் கேட்டேன்.

"என்னக்கா, முருங்கையை மறந்திட்டியளோ?"

திரையில் இருந்த பாதி முகம் அசையவில்லை. கண் மட்டும் ஒருதரம் பக்கத்தில் போய்த் திரும்பியது.

"மரந்தான் இல்லையே, தம்பி," என்றாள். பிறகு, "வீட்டைக் குடுத்துவிடு. நான் மனதாரத்தான் சொல்லுறன்," என்றாள். கடைசியில், "புத்தகம் எவ்வளவிலை நிக்குது? ஏழாம் அத்தியாயத்துக்கு வந்திட்டியோ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருடம் நான் கூட்டிய முற்றம், துடைத்த சன்னல், ஒட்டறை அடித்த முகடு எல்லாம் ஒரு சொல்லில் போயிற்று. அதைப் பற்றி ஒரு வருத்தம் இல்லை, புத்தகத்தைப் பற்றித்தான் கவலை. உண்மையைச் சொன்னால், அன்றைக்குக் கொக்குவிலுக்குப் போய், அக்காவின் கலியாணம் நடந்த விறாந்தையில் குந்தியிருந்து அழுதேன். பிறகு வழக்கம்போல முற்றத்தையும் கூட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதே பல்லவி. வீட்டைக் கொடு. ஏழாம் அத்தியாயம் வந்துவிட்டதா? மூன்றையே நான் முடிக்கவில்லை என்றால், "கெதியாச் செய், தம்பி, கெதியாச் செய்," என்பாள். சங்கத்து ஆட்கள் நெருக்குகிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நொத்தாரிசு ஒரு திங்கட்கிழமைக்கு நாள் தந்தார். மருதனார்மடத்தில் அவருடைய கந்தோர், காலை பத்து மணி, அடையாள அட்டையோடு வரவேண்டும். அதற்கு முதல் நாள் ஞாயிறு. மத்தியானம் அக்கா அழைப்பாள், மறுபடியும் ஏழாம் அத்தியாயம் என்பாள். இந்த ஆக்கினையை இன்றோடு தீர்ப்போம், நாலு, ஐந்து, ஆறைத் தாண்டி முதலில் ஏழைச் செய்து அவள் வாயை அடைப்போம் என்ற எரிச்சலில்தான் காலமை தேத்தண்ணீரோடு அந்த அத்தியாயத்தைப் பிரித்தேன்.

அதில் இருந்தது இதுதான். வயர்லெஸ் ஒற்றர் ஒவ்வொருவரும் மேலிடத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு போவார்கள். அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும், பேசிவைத்த ஓர் இடத்தில், வேண்டுமென்றே ஒரு பிழை விடவேண்டும். பிழை இருந்தால் ஆள் சுதந்திரமாக இருக்கிறார் என்று அர்த்தம். பிழை இல்லாமல் செய்தி சுத்தமாக வந்தால் ஆள் பிடிபட்டுவிட்டார், கழுத்தில் கத்தியை வைத்து அனுப்பச் சொல்கிறார்கள், செய்தியை நம்பவேண்டாம் என்று அர்த்தம்.

எங்கள் கிழவி பிடிபட்டார். பக்கத்தில் ஜேர்மன்காரன் இருந்துகொண்டு, "இங்கே எல்லாம் நலம், அடுத்த ஆட்களை அனுப்புங்கள்" என்று அனுப்பச் சொன்னான். கிழவி பிழையே விடாமல் அனுப்பினார். மேலிடத்துக்கு விளங்கிவிடும் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். மேலிடத்திலிருந்து பதில் வந்தது: "வழக்கமான பிழையை விட மறந்துவிட்டீர்கள். இனிமேல் கவனம்." பக்கத்தில் இருந்தவன் அதை வாசித்தான். கிழவியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அந்தப் பிழையையும் அடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த நிலவு வெளிச்சத்தில் மேலிடம் விமானத்தில் ஆட்களை அனுப்பியது. அவர்கள் இறங்கிய வயலில் ஜேர்மன்காரர் நின்றார்கள்.

"மடையன்கள்!" என்று நான் மேசையில் அடித்ததில் கோப்பை கவிழ்ந்தது. மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன நடந்தது? ஏன் கத்திறியள்?"

நடந்ததைச் சொன்னேன். "பார், பெரிய கதிரையளிலை இருந்த ஆக்கள். அந்தப் பெட்டை உயிரைக் குடுத்துச் சொல்லுது, நான் பிடிபட்டிட்டன் எண்டு. உந்தப் பேயன்கள், எதிரிக்கு முன்னாலை, ஏன் பிழை விடேல்லை எண்டு கேக்கிறாங்கள். உவங்களைப் போலை விசரங்கள் உலகத்திலை இருப்பாங்களே?"

மனைவி சிந்திய தேத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். துடைத்த கை நின்றது.

"நீங்களும் மச்சாளிட்டை அப்பிடித்தானே கேட்டனீங்கள்?" என்றாள்.

நான் புத்தகத்தை மூடினேன்.

அந்த முருங்கைக் கேள்வியைக் கண்டுபிடித்தவனே நான்தான். சண்டைக் காலத்தில் அக்கா ஒல்லாந்துக்குப் போன புதிதில், வருகிற கடிதமும் போகிற கடிதமும் எத்தனை கைகளில் திறக்கப்படும் என்பது தபால் கந்தோர்க்காரனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆகவே பேசிவைத்தோம். கடிதத்தில் கிணற்றடி முருங்கை வந்தால், எழுதியது சொந்தப் புத்தியோடு எழுதியது. முருங்கை இல்லையென்றால், மேலே உள்ள ஒன்றையும் நம்பக்கூடாது. ஒருமுறை, யாரென்று எழுத எனக்கு இன்றைக்கும் விருப்பமில்லாத ஆட்கள் மூன்று பேர் பக்கத்தில் நின்று, கொக்குவில் வீட்டைத் தங்களுக்குத் தர அக்காவிடம் சம்மதம் கேட்டு எழுது என்றார்கள். மிகவும் நல்லவர்கள், கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று எழுதினேன். முருங்கை எழுதவில்லை. அக்கா ஒரே வாசிப்பில் விளங்கிக்கொண்டாள். பத்திரம் அத்தானின் தமையன் பேரில் இருக்கிறது, வழக்கு நடக்கிறது என்று ஒரு பச்சைப் பொய்யை எழுதி அனுப்பி வீட்டைக் காப்பாற்றினாள்.

சண்டை முடிந்தது. கடிதம் போய்த் தொலைபேசி வந்தது, தொலைபேசி போய்த் திரை வந்தது. எனக்கு அந்த ஒப்பந்தம் மறந்தே போயிற்று. அவள் மறக்கவில்லை. பத்து வருடம் ஏசியும் நிறுத்தாதவள், திடீரென்று ஒருநாள் நிறுத்தினால் ஏன் என்று யோசிக்கிற மூளை எனக்கு இருக்கவில்லை. நான் யோசிக்கவில்லை என்று கண்ட பிறகு, புத்தகத்தைத் தூக்கி என் தலையில் போட்டு, அத்தியாயத்தின் இலக்கத்தையும் சொல்லி, வாராவாரம் கெஞ்சியிருக்கிறாள். நானோ சங்கச் செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் சோறு போடவேண்டாம் என்றேன். கைபேசியை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மனைவி பக்கத்தில் வந்து இருந்தாள். கைபேசி அடித்தது. பாதி முகம், பெருவிரல்.

"மாமா, நாளைக்குப் பத்து மணிக்கெல்லே? அடையாள அட்டை கவனம்," என்றான் மருமகன்.

"ஓம், ஓம். அக்கா, ஏழாம் அத்தியாயம் முடிச்சிட்டன்."

பாதி முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"வடிவா விளங்கினதோ?" என்றாள் அக்கா.

"விளங்கிச்சு, அக்கா."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு கேட்டாள், மெதுவாக.

"கிணத்தடி முருங்கை காய்க்குதோ?"

"காய்க்குது, அக்கா. நல்லாக் காய்க்குது."

"அம்மா," என்றான் மருமகன் இரக்கமான குரலில், "அந்த மரம் எப்பவோ விழுந்திட்டுதெல்லே. மாமா, நீங்களும் அவவோடை சேர்ந்து..."

திரை ஆடியது. பெருவிரல் காணாமல் போயிற்று. நாலு மாதத்துக்குப் பிறகு முழு முகத்தையும் பார்த்தேன். கைபேசியைத் தன் கையிலேயே வாங்கியிருந்தாள். நடுக்கம் ஒன்றும் பெரிதாக இல்லை.

"வீடு குடுக்கிறேல்லை, தம்பி. நான் வாறன். முழங்கால் ஏலாட்டில் தள்ளு கதிரையிலை வாறன்."

"அம்மா, நீங்கள்தானே மனதாரச் சொன்னனீங்கள்?"

"நீ சொல்லித் தந்ததைச் சொன்னனான், மோனை. நீதானே சோறு போடுறாய், வேறை என்னத்தைச் சொல்ல?"

"என்னட்டை நேரை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். நீ மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

அவன் எழும்பினான். கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது, பிறகு கதவு. அவனுக்காகவும் எனக்கு மனம் கஷ்டப்பட்டது. ஆனாலும் அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"நொத்தாரிசுக்கு இப்பவே சொல்லிவிடுறன், அக்கா. நான் ஒரு பேயன். என்னை மன்னியுங்கோ," என்றேன்.

அவள் உடனே மன்னிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஒல்லாந்து மனுசிக்கு உன்ரை முருங்கைக் கதையை ஒருநாள் சொன்னனான்," என்றாள். "கேட்டிட்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவ. 'உன்ரை தம்பியைப் போலை ஒரு மூளைக்காரன் எங்கடை மேலிடத்திலை இருந்திருந்தால், எத்தினை பிள்ளையள் தப்பியிருக்குங்கள்' எண்டு சொன்னவ."

என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

"நல்ல காலம், அவ செத்திட்டா," என்றாள் அக்கா.